“நீங்கள் தூரத்தில் நிற்கிறீர்கள்”: 54 வயதில் போட்டோகிராபி படிக்கும் கடலூர் வாசகிக்கு

கடலூரிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 54. மருத்துவமனை ஒன்றில் 29 வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடம் முன்பு விருப்ப ஓய்வு வாங்கியவர். மகன் வாங்கிக் கொடுத்த கேமராவில் வீட்டு மாடியிலிருந்து புறா, தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரிய உதயம் என்று எடுக்கத் தொடங்கினார். பிறகு புதுச்சேரியில் ஒரு வருட வாரஇறுதிப் படிப்பில் சேர்ந்தார். கட்டணம் ரூ.70,000, முழுவதும் கட்டியாகிவிட்டது. வகுப்பில் 14 பேர். இவருக்கு அடுத்த மூத்த மாணவருக்கு 26 வயது. ஆசிரியருக்கு 31, தன் மகனைவிட இரண்டு வயதுதான் மூத்தவர் என்கிறார்.

‘உழைப்பு’ என்ற தலைப்பில் 12 படங்கள் கொண்ட அசைன்மென்ட். இவர் ஒன்பது நாள் விடியலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலம் எடுக்கும் பெண்களைப் படமெடுத்துக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கத்தில், ஆங்கிலத்தில், ஆசிரியரின் ஃபீட்பேக் வந்தது. 12 படங்களில் ஒன்பதை நீக்கிவிட்டு மூன்றை மட்டும் வைத்திருந்தார். அதில் மூன்று வரிகள் இவருக்கு மனப்பாடமாகிவிட்டன: “படங்கள் சேஃப் ஆக இருக்கின்றன.” “எடிட் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்.” “எல்லாப் படத்திலும் நீங்கள் தூரத்தில் நிற்கிறீர்கள்.”

அதற்குப் பிறகு மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. ஒரு சனிக்கிழமை வகுப்புக்குக் கிளம்பிப் பஸ் ஏறியவர், தவளக்குப்பத்திலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்த பஸ்ஸில் கடலூர் திரும்பிவிட்டார். “போன பணம் போகட்டும், வீட்ல இரு” என்று கணவர் சொல்லிவிட்டார்.

கேள்விகள் நான்கு. படிப்பை விட்டுவிட்டுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாமா? ஓய்வுப் பணத்தில் 1.8 லட்சத்துக்கு நல்ல கேமரா வாங்கினால் படங்கள் தேறுமா? பயிற்சி நிலையம் தன் படம் ஒன்றைக் கேட்காமலே இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகப் போட்டிருக்கிறது, அது சரியா? கடைசியாக, “இந்த வயதில் கண் பழகுமா, இல்லை நான் என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் வருத்தம் தெரிந்தது. இரண்டாவது முறை, நான்காம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு பத்தி கண்ணில் பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தக் கடிதத்திலேயே முக்கியமான பத்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மனநல ஆலோசகர், போட்டோகிராபர் இல்லை. நீங்கள் கடிதத்திலேயே அனுமதி தந்திருந்ததால், புதுச்சேரியில் பல வருடமாக ஸ்டூடியோ நடத்தும் நண்பர் ஒருவரிடம் உங்கள் படங்களைப் பெயர் சொல்லாமல் காட்டினேன். பதிப்புரிமை பற்றி ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொண்டேன். கீழே வரும் தொழில்நுட்ப, சட்ட விஷயங்கள் அவர்களிடம் சரிபார்த்தவை.

அந்த மூன்று வரிகள்

உங்கள் துறையிலிருந்தே தொடங்குகிறேன். லேபுக்கு ஒரு ரத்த சாம்பிள் வருகிறது. எடுத்தவர் அவசரப்பட்டதால் ரத்த அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிட்டது. நீங்கள் என்ன எழுதி அனுப்புவீர்கள்? ‘சாம்பிள் ஹீமோலைஸ் ஆகிவிட்டது, மறுபடி எடுத்து அனுப்பவும்.’ அந்த நோயாளி மோசமான மனிதர் என்றா அதற்கு அர்த்தம்? சாம்பிள் எடுத்த நர்ஸ் வேலையை விட்டுப் போக வேண்டும் என்றா? இந்த 29 வருடத்தில் இப்படி எத்தனை சீட்டு எழுதியிருப்பீர்கள்! அதில் ஒன்றாவது யாரையாவது காயப்படுத்தும் எண்ணத்தில் எழுதியதா?

ஆசிரியர் எழுதியதும் அந்த மாதிரிச் சீட்டுதான். ஆனால் அது உங்களிடம் வந்து சேர்ந்தபோது ‘நான் தேற மாட்டேன்’ என்ற தீர்ப்பாக மாறிவிட்டது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள், ஃபீட்பேக் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, 607 அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் ஃபீட்பேக் பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், ஃபீட்பேக் கிடைத்த பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவள்’ என்ற பக்கம் திரும்பும்போது இப்படி ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். தவளக்குப்பத்தில் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இதனால்தான்.

இப்போது வரிகளுக்கு வருவோம். இதில் பாதிப் பிரச்சினை ஆங்கிலத்தால் வந்தது என்பது என் கணிப்பு. இந்தத் தொழிலில் சில சாதாரண ஆங்கிலச் சொற்களுக்குத் தனி அர்த்தம் இருக்கிறது. அதை ஆசிரியர் உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். அது அவருடைய குறை.

‘எடிட் கடுமையாக இருக்க வேண்டும்’ என்பதைப் படித்துவிட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். நண்பரிடம் இதைச் சொன்னதும் அவர் உடனே சொன்னார்: “ஐயோ, அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க!” போட்டோகிராபர்கள் எடிட் என்று சொல்வது படங்களைத் தேர்ந்தெடுப்பதை. எதை வைப்பது, எதை விடுவது, எதற்குப் பக்கத்தில் எது என்பது. நிறம் ஏற்றுவதற்கு அவர்கள் சொல்லும் பெயர் வேறு. ஒன்பது நாளில் எடுத்த படங்களிலிருந்து இன்னும் கறாராகத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஒரே பெண்மணி கை தூக்கி ஏலம் கேட்கும் படம் உங்கள் பன்னிரண்டில் நான்கு முறை வருகிறது. அதில் மூன்றை அவர் நீக்கியிருக்கிறார். ஒன்பது படம் போனது என்று கேட்கும்போது பெரிய தண்டனை மாதிரித் தெரிகிறது. பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல், சொன்னதையே திரும்பச் சொல்லும் படங்கள்.

‘சேஃப்’ என்பது பாராட்டில்லை, திட்டும் இல்லை. தவறு வராத இடத்திலேயே நின்று எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். லேபில் அது ஒரு நற்பண்பு. அங்கே துணிச்சலாக ஒரு ரிசல்ட் எழுதினால் ஆபத்து. 29 வருடம் உங்களைக் காப்பாற்றிய பழக்கத்தை இங்கே கொஞ்சம் தளர்த்தச் சொல்கிறார். அது ஒரே அசைன்மென்டில் வருகிற விஷயம் இல்லை.

மூன்றாவது வரிதான் உங்களை உண்மையில் தைத்தது. ‘நீங்கள் தூரத்தில் நிற்கிறீர்கள்.’ அதை உங்கள் குணத்தைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டீர்கள். “நான் யாரிடமும் ஒட்டாதவள் என்று கணவர் குடும்பத்தில் சொல்வார்கள், இந்தப் பையனுக்கும் அது தெரிந்துவிட்டதா?” என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அவருக்கு உங்கள் கணவர் குடும்பத்தைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒவ்வொரு படத்தோடும் கேமரா பதிந்து வைத்திருக்கும் எண்கள். அந்த எண்களை நீங்களே கடிதத்தில் கொடுத்திருக்கிறீர்கள்: 12இல் 10 படங்கள் 200 மி.மீட்டருக்கு மேல் ஜூம் செய்து எடுத்தவை. வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு எடுத்திருக்கிறீர்கள். ‘தூரம்’ என்று அவர் சொன்னது மீட்டர் கணக்கில்.

நீங்கள் சேர்க்காத படம்

இப்போது அந்த நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் வார்த்தையிலேயே தருகிறேன்:

“ஆறாவது நாள் கூடைக்கார அம்மா ஒருத்தர், ‘டெய்லி வந்து படம் புடிக்கிறியே, ஒரு படமாச்சும் குடுத்தியா?’ என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். கையை மட்டும் ஒன்று எடுத்தேன். மணிக்கட்டு முழுக்க மீன் செதில், வளையல் போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. கை ஆடி மங்கலாகிவிட்டதால் அசைன்மென்டில் வைக்கவில்லை.”

அந்தப் படத்தையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி கடைசியில். நண்பர் மற்றப் படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்தவர், இதில் நின்றுவிட்டார். அன்னக்கூடையின் நசுங்கிய விளிம்பு, ஐஸ் துண்டு, அதன்மேல் செதில் மின்னும் ஒரு கை. ஆமாம், கொஞ்சம் ஆடியிருக்கிறது. ஆனால் இந்த ஒன்றில்தான் அந்த அம்மா உங்களிடம் பேசியிருக்கிறார். நீங்கள் இரண்டடி தூரத்தில் இருந்திருக்கிறீர்கள். ஆசிரியர் கேட்டதை, அவர் கேட்பதற்கு முன்பே ஒரு முறை செய்திருக்கிறீர்கள். செய்துவிட்டு, மங்கல் என்ற காரணத்தால் மறைத்துவிட்டீர்கள்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. ஜூலியா மார்கரெட் கேமரூன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கடைசியில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு 48 வயது. மகன் வாங்கிக் கொடுத்த கேமராவோடு நீங்கள் தொடங்கியதை இதில் பார்க்கலாம். அவர் எடுத்த முகங்கள் ஃபோகஸ் இல்லாமல் இருக்கின்றன, படம் பதியும் கண்ணாடித் தகட்டில் கறையும் கீறலும் இருக்கின்றன என்று அன்றைய புகைப்படச் சங்கத்து விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். அவர் தன் வழியிலேயே தொடர்ந்தார். 1875இல் இலங்கைக்குப் போய், அங்கேயும் தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்து, 1879இல் அங்கேயே இறந்தார். இன்று போட்டோகிராபி வரலாறு சொல்பவர்கள் அவர் பெயரை விட்டுவிட்டுச் சொல்வதில்லை. மங்கலான படமெல்லாம் கலை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுடைய மற்ற மங்கல் படங்கள் வெறும் மங்கல்தான். ஒரு படத்தில் மங்கலைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பார்த்தபிறகு தள்ளுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

கண், வயது, கேமரா

‘இந்த வயதில் கண் பழகுமா’ என்ற கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நிஜமான கண் விஷயம் முதலில். 40 தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருகிறது. உங்களுக்கும் கண்ணாடி இருக்கிறது. கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஓரத்தில் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும், டயாப்டர் என்பார்கள். லேபில் இரட்டைக்கண் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணுக்கு மட்டும் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்வீர்களே, அதே வேலைதான். வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்கள் துல்லியமாகத் தெரியும்வரை அதைத் திருப்புங்கள். நீங்கள் இதைத் தொட்டதே இல்லை என்றுதான் படுகிறது, ஏனென்றால் “எடுக்கும்போதே எல்லாம் மங்கலாகத்தான் தெரிகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் கண் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், மங்கலுக்குக் காரணம் வயதான கை என்று நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மி.மீ ஜூமில் கையில் பிடித்து எடுக்கும்போது, உங்கள் மாதிரி கேமராவில் ஷட்டர் திறந்து மூடும் நேரம் வினாடியில் 300இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருந்தால்தான் படம் ஆடாமல் வரும் என்பது பொதுவான வழக்கம். நீங்கள் எடுத்தது 60இல் ஒரு பங்கு. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் 25 வயதுப் பையன் எடுத்திருந்தாலும் ஆடியிருக்கும்.

1.8 லட்சம் கேமராவை இப்போது வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது 50 மி.மீ, எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் கூடும். பத்தாயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும், பழையது இன்னும் குறைவு. உங்கள் ஜூம் லென்ஸ் எஃப் 5.6இல் உள்ளே விடும் வெளிச்சத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு இது விடும். அதில் ஜூம் கிடையாது. அதனால் கிட்டே போயே ஆக வேண்டும். ஆசிரியர் சொன்னதை லென்ஸே உங்களைச் செய்ய வைக்கும். 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்த பிரெஞ்சுப் போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், வாழ்நாளில் பெரும்பகுதி 50 மி.மீ லென்ஸ் ஒன்றையே நம்பியவர். அந்த லென்ஸையும் முதலில் வகுப்பில் யாரிடமாவது இரண்டு நாள் இரவல் வாங்கிப் பாருங்கள். ஓய்வுப் பணம் உங்கள் முதுமைக்கானது. அதைக் காயத்துக்கு மருந்தாகச் செலவழிக்க வேண்டாம்.

இனி மற்றக் கண், பார்க்கப் பழகும் கண். மைக்ராஸ்கோப்பில் நூற்றுக்கணக்கான அணுக்களுக்கு நடுவே ஒரே ஒரு மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவர் நீங்கள். பொறுமையாகப் பார்ப்பதை உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் உள்ள மற்ற 13 பேருக்கும் இல்லாத மூலதனம் அது. புதிதாகப் பழக வேண்டியது ஒன்றுதான்: பார்க்கப்படுகிறவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார், பேசுவார், படம் கேட்பார். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடித் தகட்டில் அது நடக்காது.

ஃபேஸ்புக்கில் சூரிய உதயப் படத்துக்கு 300 லைக் வந்ததையும், ஆசிரியர் அந்த மாதிரிப் படங்களைக் கண்டுகொள்ளாததையும் ஒப்பிட்டு வருந்தியிருக்கிறீர்கள். லைக் போட்டவர்கள் உங்கள்மேல் உள்ள பிரியத்தில் போட்டார்கள். அந்தப் பிரியம் உண்மையானது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கொண்டு படத்தை அளக்க முடியாது.

கட்டணம்

சேரும்போது கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில் பணம் திரும்பத் தருவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூரிலேயே புகார் கொடுக்கலாம். தனியார் பயிற்சி மையங்கள் மீது அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொன்ன வகுப்புகளை நடத்தவில்லை, சொன்ன வசதியைத் தரவில்லை என்பது போன்ற குறை இருந்தால்தான் அதற்குப் பலம். ஆசிரியரின் விமர்சனம் மனதைப் புண்படுத்தியது என்பது சேவைக் குறைபாடாக எடுபடாது. இதை நம்பி அலைய வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் வந்த படம்

இதில் நீங்கள் நினைத்ததைவிட உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. ‘நான் மாணவி, அதனால் படம் அவர்களுக்குச் சொந்தமோ’ என்று தயங்குகிறீர்கள். அப்படியில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி படத்தை எடுத்தவர்தான் அதன் ஆக்கியோர், முதல் உரிமையாளரும் பொதுவாக அவரே. கூலி கொடுத்து யாராவது எடுக்கச் சொன்ன படம், வேலையில் இருக்கும்போது முதலாளிக்காக எடுத்த படம் போன்றவை விதிவிலக்கு. நீங்களோ கட்டணம் கட்டிப் படிப்பவர். உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. படத்தோடு உங்கள் பெயர் வர வேண்டும் என்று கேட்க 57ஆம் பிரிவு இடம் தருகிறது. வகுப்பறையில் பாடத்துக்காக உங்கள் படத்தைக் காட்டுவது வேறு, அதற்குச் சட்டமே விலக்கு தருகிறது. விளம்பரத்துக்குப் போடுவது அந்த விலக்கில் வராது.

ஒரே எச்சரிக்கை: விண்ணப்பத்தில் ‘மாணவர் படைப்புகளை நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருந்து, அதன் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வரை போகாமல், ஒரு மெயில் போதும்: படத்தை எடுத்துவிடுங்கள், அல்லது என் பெயரைப் போடுங்கள், இனிமேல் கேட்டுவிட்டுப் போடுங்கள். பத்து நாள் பதில் இல்லையென்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்களைக் கேட்காமல் உங்கள் படத்தைப் போட்டார்கள் என்று கோபம் வருகிறது. நியாயமான கோபம். அந்தப் படத்தில் இருக்கும் பெண்களைக் கேட்டீர்களா? பொது இடத்தில் எடுத்தது என்பதால் சட்டப்படி உங்கள்மேல் குற்றமில்லாமல் போகலாம். ஆனால் கூடைக்கார அம்மா உங்களிடம் கேட்டதும், நீங்கள் நிறுவனத்திடம் கேட்க நினைப்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்வி. இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அடுத்த அசைன்மென்டுக்கு எங்கிருந்து தொடங்குவது என்பது தெரிந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆசிரியரோடு பேசுவது

அவர்மேலும் குறை இருக்கிறது. வைத்துக்கொண்ட மூன்று படங்களில் என்ன நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதவில்லை. மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு உங்களை மட்டும் ‘ஆன்ட்டி’ என்பது மரியாதைக்காகத்தான் என்றாலும், மாணவர்கள் வரிசையிலிருந்து உங்களைத் தள்ளி நிறுத்துகிறது. ‘என்னையும் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் சார்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், அவர் புரிந்துகொள்வார்.

அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, கத்தரிக்கோலால் வாக்கியம் வாக்கியமாக வெட்டுங்கள். சாப்பாட்டு மேஜையில் மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். படத்தைப் பற்றிப் பேசுவது ஒரு பக்கம், எனக்குப் புரியாதது இன்னொரு பக்கம், என்னைப் பற்றியது என்று நான் நினைப்பது மூன்றாவது. என்னிடம் வரும் பலரை இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது பக்கத்தில் வைத்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தால், பெரும்பாலும் முதலாவதுக்கோ இரண்டாவதுக்கோ நகர்ந்துவிடும். இரண்டாவதில் மிஞ்சுவதை ஆசிரியரிடம் கேளுங்கள். மெயில் இப்படி இருக்கலாம்:

“சார், உங்கள் ஃபீட்பேக்கைப் படித்தேன். இரண்டு வகுப்புக்கு வர முடியவில்லை, மன்னிக்கவும். எடிட் என்பதை நான் கலர் கரெக்ஷன் என்று நினைத்துவிட்டேன். மூன்று படங்களை மட்டும் வைத்திருக்கிறீர்கள். அவற்றில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று சொன்னால் மீதியை என்னாலேயே புரிந்துகொள்ள முடியும். அசைன்மென்டில் சேர்க்காத ஒரு படத்தை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். நேரில் பதினைந்து நிமிடம், தமிழில் பேச முடியுமா?”

இந்தப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் அவர் அலட்சியமாக நடந்தால், மற்ற மாணவர்கள் முன்னால் இழிவாகப் பேசினால், அப்போது ஆசிரியரை மாற்றித் தரக் கேட்கலாம், படிப்பை விடுவது பற்றியும் யோசிக்கலாம். இப்போது விட்டால், பாதி தவறாகப் புரிந்த ஒரு தாளுக்காக விட்டதாகிவிடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வீட்ல இரு’ என்று சொன்னவர்தான், நான்கு மணிக்கு நீங்கள் கிளம்பும்போது ஸ்கூட்டி தெருமுனை திரும்பும்வரை கேட்டில் நிற்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் படிப்பின் மேல் கோபமா, இருட்டின் மேல் பயமா? கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போங்கள்.

தூக்கத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூன்று வாரம் தூக்கம் கெடுவதும், பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்புவதும் ஒரு ஃபீட்பேக்குக்கு அதிகம். பணி ஓய்வு, மகன் வெளியூர், இந்த வயதில் உடம்பில் நடக்கும் மாற்றம் எல்லாம் சேர்ந்திருக்கலாம். தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

அடுத்த அசைன்மென்ட் மே மாதக் கடைசியில் என்கிறீர்கள். நல்ல காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். ஃபைபர் படகு மீன் கொஞ்சம் வரும், ஏலத்தில் முன்பு இருந்த நெரிசல் இருக்காது. உட்கார்ந்து பேச ஆட்களுக்கு நேரம் இருக்கும். முதல் இரண்டு நாள் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள்.

போகும்போது அந்தச் செதில் படத்தையும், அந்த அம்மாவின் முகம் தெரிகிற நல்ல படம் ஒன்றையும் ஆறுக்கு எட்டு அங்குலத்தில் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள். லேமினேஷன் செய்து கொடுங்கள், அவர் கை எப்போதும் ஈரமாக இருக்கும்.